மந்திரவாதின்னு போடாதே

எலுமிச்சம்பழத்தில் கத்தி இறங்கியதும் ரத்தம் வழிந்தது.

வாசலில் கூடியிருந்த தெரு, "ஆத்தாடி!" என்று வாயைப் பிளந்தது.

அவர் மட்டும் பிளக்கவில்லை. செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்துக் காயவைத்தால் எந்த எலுமிச்சையும் ரத்தம் கக்கும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அதைச் செய்துகாட்டித்தானே வயிறு வளர்த்தார்?

நோட்டீஸில் யாராவது மந்திரவாதி என்று அச்சடித்துவிட்டால் போதும், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"மந்திரமாவது மண்ணாவது! வித்தைக்காரன்னு போடுய்யா."

ஏமாற்றுகிறவன் மந்திரவாதி. ஏமாற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறவன் வித்தைக்காரன். மேடையேறியதும் அதைச் சொல்லாமல் அவர் சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை.

இன்று அவர் வீட்டு வாசலிலேயே ஒரு மந்திரவாதி.

உள்ளே கட்டிலில் மகள் பூங்கோதை சுருண்டு கிடந்தாள். "இனிமே வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். மனைவி சுகந்திதான் இவனை அழைத்துவந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மந்திரவாதி வாசற்படியோரம் மண்ணைத் தோண்டினான். யாரோ புதைத்துவைத்த செய்வினைத் தகடு அங்கே இருக்கிறதாம். எடுத்துவிட்டால் பிள்ளை எழுந்துவிடுவாளாம்.

உள்ளே பூங்கோதை முனகினாள். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பெற்ற தகப்பன் திரும்பவில்லை. மந்திரவாதியின் கையை விட்டு அவர் கண் நகர்ந்தால்தானே!

கை இடுப்பு வேட்டிக்குள் போனது. தகட்டை எடுத்தது. என்ன கண்றாவிக் கை! குழிக்குள் போவதற்குள் விரலிடுக்கில் நழுவி, தகடு வெளியே விழுந்தது.

மந்திரவாதி வெலவெலத்துப்போனான்.

சுகந்தி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டென்று குனிந்தார். தகடு உள்ளங்கைக்குள் மறைந்தது. இடது கை மண்ணை அள்ளி வீச, எல்லாக் கண்களும் அந்த மண்ணோடு போயின. வலது கை குழிக்குள் இறங்கி, அழுக்கேறிய தகட்டோடு மேலே வந்தது.

தெரு அலறியது. சுகந்தி அப்படியே விழுந்து கும்பிட்டாள்.

வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு வித்தையைச் செய்ததில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் செய்ததும் இல்லை.

தகட்டை வாங்கிய மந்திரவாதி அதை நெருப்பில் போட்டான். அவர் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினான்.

"இனி பயமில்ல. பொழச்சுக்குவா."

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவா சாமி?"