நிறுத்திய மாத்திரை

"மாத்திரையை நிறுத்திட்டியா? எவளாவது தேடி வந்த யோகத்தைக் காலால எட்டி உதைப்பாளாடி?"

அழகுசாதனக் கடையில சூப்பர்வைசர் நான். கடை திறக்கிறதுக்கு முன்னாடி பொண்ணுங்களை வெள்ளை விளக்குக்கு அடியில வரிசையா நிக்க வெச்சு முகம் பார்ப்பேன். அன்னிக்குப் பளிங்கோட தாடையில ஆறு பரு. எண்ணிட்டுத்தான் கத்தினேன்.

பளிங்குங்கிறது கடைப் பொண்ணுங்க அவளுக்கு வெச்ச பேர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்தப்ப அவளை அப்படிக் கூப்பிட்டிருந்தா கேலின்னு நினைப்பீங்க. கன்னம், தாடை, கழுத்து வரைக்கும் சிவப்புக் கட்டி. "உங்க கிரீமை நீங்களே போட மாட்டீங்களா?"ன்னு வாங்க வந்த ஒரு அம்மா கேட்டுட்டுப் போக, நான்தான் அவளைப் பின்னாடி பேக்கிங்ல தள்ளினேன்.

அப்புறம் தோல் டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. "கருத்தடை மாத்திரைதான்கா. பருவுக்கும் கேட்குமாம்"னு ஒளிவுமறைவு இல்லாம சொன்னா. முதல் ரெண்டு மாசம் தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். விடாம சாப்பிட்டா. மூணாவது மாசம் புதுசா கட்டி வரலை. ஆறாவது மாசம் எங்க கண்ணே பட்டுடும் போல இருந்துச்சு.

முன் கவுன்டருக்குக் கொண்டு வந்தேன். அங்கேயும் என் உயிரை வாங்குவா. "என்ன கிரீம் போடறீங்க?"ன்னு யாராவது கேட்டா, "கிரீம் இல்லைங்க, மாத்திரை. நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க. எல்லார் உடம்புக்கும் ஒத்துக்காது, டாக்டரைப் பாருங்க"ம்பா. நான் பல்லைக் கடிப்பேன். ஆனா பாருங்க, அவ கவுன்டர்லதான் கூட்டம் மொய்க்கும்.

அதுக்காகவே முதலாளிகிட்ட மல்லுக்கு நின்னு, புதுசா திறக்கிற கடைக்கு அவளையே பொறுப்பாளரா போட வெச்சேன். வாசல்ல ஆள் உயரத்துக்கு அவ போட்டோ. பேக்கிங்ல கிடந்த பொண்ணுக்கு! போட்டோ எடுக்க மூணு வாரம் இருக்கிறப்பத்தான் இந்த ஆறு பரு.

"எதுக்குடி நிறுத்தின?"

"சும்மாதான்கா."

"குழந்தைக்காகவா? சொன்னா புரிஞ்சுக்க மாட்டேனா?"

"அதெல்லாம் இல்லைக்கா."

"அப்ப இன்னிக்கே மறுபடி ஆரம்பி."

"இப்ப முடியாதுக்கா."

சிரிச்ச முகமா நின்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ரெண்டு வாரத்துல ஆறு இருபதாச்சு. மேக்கப்புக்கும் ஒரு அளவு இருக்கே. போட்டோவும் பொறுப்பும் சென்ட் கவுன்டர் பொண்ணுக்குப் போச்சு. அதைச் சொன்னப்பவும் அவ அழலை.

"அவளும் நல்லா பார்த்துப்பாக்கா" அப்படின்னா. அதோட விட்டாளா? "எனக்கு ரெண்டு மாசம் லீவு வேணும்கா."

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு வேலை."

"அலட்சியம்டி உனக்கு! உன்னை நம்பி முதலாளிகிட்ட வாய் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். போ, என் கண்ணு முன்னாடி நிக்காதே."

தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

மறுநாள் மத்தியானம் ஒரு பொண்ணு கடைக்குள்ள வந்தா. காலு ரெண்டும் வீங்கி, முகம் வெளுத்துப் போய், பத்தடி நடக்கிறதுக்குள்ள மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. அவசரமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உங்களைப் பார்க்கத்தான்கா வந்தேன். இங்க பளிங்குன்னு கூப்பிடுவீங்களாமே, அவங்களோட நாத்தனார் நான். நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணும். அண்ணி எனக்கு ஒரு கிட்னி தர்றாங்க."

இன்னொரு நாற்காலியை இழுத்து அவ பக்கத்துல உட்கார்ந்தேன்.

"அண்ணனுக்குச் சர்க்கரை. அவர் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நாங்க யாரும் கேட்கவே இல்லைக்கா, அண்ணி அவங்களா போய் 'என்னுது பொருந்துமான்னு பாருங்க'ன்னு நின்னாங்க. அந்த மாத்திரை ரத்தத்தை உறைய வைக்குமாம். ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தணும்னாங்க. நிறுத்தின அப்புறம் தேதி வேற தள்ளிப் போச்சு. திரும்ப அதைச் சாப்பிட விடுவாங்களான்னுகூடத் தெரியாது. இந்த முகத்துக்காக எவ்வளவு பட்டாங்கன்னு நான் பார்த்தவ. அதைச் சொல்லி அழுதேன். 'பரு யாரையும் கொல்லாது, போடி'ன்னு சிரிக்கிறாங்க."

நேத்து நான் போட்ட கூச்சல் எனக்கே காதுல கேட்டுச்சு. எப்பேர்ப்பட்ட பொண்ணை என்னவெல்லாம் பேசிட்டேன்! எழுந்து போய் எங்கயாவது மறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு.

அந்தப் பொண்ணு எட்டி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

"என்னால அண்ணிக்குப் புதுக்கடை வேலை போயிடும்னு, நேத்து வரைக்கும் ஆபரேஷனே வேண்டாம்னு அடம் பிடிச்சேன்கா. நேத்து அவங்க வந்து சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். 'உன் முகம் தெளியட்டும், அதுவரைக்கும் அந்த இடத்துல வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன்'னு சொல்லி லீவும் குடுத்தீங்களாமே... நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்கா!"