சொட்டாத சீல்

ஓவேலி தேயிலை ஃபேக்டரியில் மூட்டை அமுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு இன்ஜினியர் நெல்சன் எண்ணெயை அடைத்து நிறுத்தும் புது சீல் செய்து மாட்டினார். தண்டு ஏறி இறங்கும்போது துளி எண்ணெய் கசிந்தே தீரும், அந்த ஈரம்தான் சீலைக் காக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

"ஒழுகினா தூக்கி எறிஞ்சிருவேன்" என்றார் மேனேஜர்.

ஒரு வாரமாகக் காலையில் வந்து பார்த்தால் அடியில் வைத்த தட்டு காய்ந்தே கிடந்தது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். நெல்சனுக்கோ பயம். ஈரமில்லாவிட்டால் சீல் கருகிவிடுமே!

ஸ்பானரோடு வந்தவரை பிரஸ்ஸில் வேலை செய்யும் தெய்வம்மா மறித்தாள். போன வருஷம்தான் சிலோனிலிருந்து வந்தவள்.

"கழட்டாதீங்க ஐயா. நல்லாத்தான் ஒழுகுது."

"எங்கே ஒழுகுது?"

அவள் வெட்கத்தோடு சேலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். பாதம் இன்னும் எண்ணெயில் பளபளத்தது.

"இந்த மழையில அட்டைப்பூச்சி ஏறி கடிக்குதுங்க. சாயங்காலம் தட்டுல உள்ளதை நாங்க நாலு பொம்பளைங்களும் வழிச்சுக் கால்ல தடவிக்கிட்டுத்தான் லயத்து வீட்டுக்குப் போறோம்."

நெல்சன் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, ஒழுகுதா?"

"நீங்களே பாருங்க சார், தட்டு சுத்தமா இருக்கு."

மேனேஜர் தலை மறைந்ததும் நெல்சன் ஷூவைக் கழற்றினார்.

"தெய்வம்மா, இன்னைக்கு எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."