தெரிஞ்சவங்க யாராவது

“தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க சார்” என்றது போனில் ஒரு பெண் குரல். பதினொரு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தொழிற்சாலை மேலாளருக்கு அடுத்த நொடியே விளங்கிவிட்டது. வேலை தனக்குத்தான்.

பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் கம்பெனிகள் பேசுகிற பாஷையே தனி. ‘ப்ரொஃபைல் ரொம்ப நல்லா இருக்கு சார்’ என்றால் தூக்கிப் போட்டாச்சு. ‘அடுத்த வாரம் கூப்பிடறோம்’ என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. ‘தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா’ என்றால் மட்டும், நீங்க வர்றீங்களா என்று நூல் விட்டுப் பார்க்கிறார்கள். நேரடியாகக் கேட்டால் பெரிய மனுஷனுக்குக் கௌரவக் குறைச்சலாம்.

மேலே முழுக்கைச் சட்டை, கீழே கைலி. பத்து மணிக்கு இருந்த வீடியோ நேர்காணல் இன்றும் தள்ளிப்போயிருந்தது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினாள்.

மனசு துள்ளியிருக்க வேண்டும், துள்ளவில்லை. அது மரத்துப்போய் மாசக்கணக்காகிறது. இந்த மாதமும் ஒன்றும் அமையாவிட்டால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகனோடு போய் இருந்துவிடலாம் என்று மனைவி சொன்னபோது, சரி என்று தலையாட்டியிருந்தார்.

“எந்தக் கம்பெனிம்மா?”

“பேர் சொல்ல முடியாது சார். ரகசியமா தேடுறாங்க. உங்களைக் கேட்டா சரியான ஆளைக் காட்டுவீங்கன்னு சொன்னாங்க.”

ஐஸ் வைக்கிறாள், வைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். “எப்படிப்பட்ட ஆள் வேணுமாம்?”

“தொழிற்சாலைத் தலைமைப் பதவி சார். பாய்லர் ஓடுற இடத்துல இருபது வருஷமாவது இருந்திருக்கணும். தொழிலாளிங்க தோள்ல கைபோட்டுப் பேசுறவரா இருக்கணும். ஆபத்துன்னு தெரிஞ்சா, மேலிடம் எவ்வளவு கத்தினாலும் மெஷினை நிறுத்துற தைரியம் வேணும்.”

மனைவி அவரைப் பார்த்தாள். அந்தக் கடைசித் தகுதியால்தான் அவருக்கு வேலை போனது. பழுதான பாய்லரை மூன்று நாள் நிறுத்தி வைத்தார். நான்காம் நாள் முதலாளி, ‘இந்தப் பதவியே இனிமே தேவையில்ல’ என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார். அதையே தகுதி என்று எழுதி வைத்து ஒருத்தர் ஆள் தேடுகிறார் என்றால், நல்ல முதலாளிகளும் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறார்கள்.

“உடனே ஒத்துக்காதீங்க. கொஞ்சம் பிகு பண்ணுங்க” என்று மனைவி காதோரம் கிசுகிசுத்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். “ஒருத்தர் இருக்காரும்மா. ஆனா லேசுல வர மாட்டாரு.”

“எப்படியாவது பேசிப் பாருங்க சார். நாலு மாசமா தேடுறோம், யாரும் சரியா அமையல.”

“இப்ப சும்மாதான் இருக்காரு. கூப்பிட்டா திங்கக்கிழமையே வந்துடுவாரு.”

அவருக்கு வந்த பிகு அவ்வளவுதான். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவர் நம்பர் கொடுங்க சார்.”

“நீங்க இப்ப பேசிக்கிட்டிருக்கிற நம்பர்தாம்மா.”

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற ஒலி மட்டும் கேட்டது.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.” குரல் இறங்கியிருந்தது. “நான் நிஜமாவே வேற யாரையாவதுதான் கேட்டேன்.”

“ஏம்மா, எனக்கு என்ன குறைச்சல்? நீங்க சொன்ன அத்தனையும் என்கிட்ட இருக்கே.”

“இருக்கு சார். உங்களை மனசுல வச்சுத்தான் அந்த லிஸ்டையே எழுதியிருக்காங்க.”

“யாரு?”

“உங்க பழைய முதலாளிதான் சார். அச்சு அசல் உங்களை மாதிரியே ஒருத்தர் வேணுமாம், நீங்க மட்டும் வேண்டாமாம்.”