பொந்து இருந்த இடம்

அந்தப் பறவை காற்றில் நின்றுகொண்டிருந்தது.

பொக்லைனின் கண்ணாடிக்கு நேர் எதிரே. அலகில் ஒரு தட்டான். ஒரே இடத்தில் சிறகடித்தபடி.

அவனுக்கு அந்த இடம் தெரியும். நேற்று மாலை வரை அங்கே ஆற்றின் கரை இருந்தது. செங்குத்தான மணல்கரை. முழுக்கப் பொந்துகள். பாதிக் கரையை அவன்தான் அள்ளி லாரிகளில் கொட்டினான்.

எலி வளை என்று நினைத்திருந்தான்.

இப்போது ஒன்றல்ல. பத்துப் பதினைந்து பச்சைப் பஞ்சுருட்டான்கள். எல்லாம் இரையோடு வந்தன. வெறும் காற்றில் நின்று தேடின. விலகிப் போயின. மறுபடி அதே உயரத்துக்கே வந்தன.

மிச்சமிருந்த பாதிக் கரையில் மற்றவை பொந்துக்குள் நுழைவதும் வெளியே பறப்பதுமாக இருந்தன.

லீவரைப் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்தான்.

இன்ஜினை நிறுத்தினான்.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. சூப்பர்வைசர் தனசீலன் பைக்கில் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். வண்டி இழுக்கவில்லை என்று வாயில் வந்ததைச் சொன்னான். அவர் லாரிகளை வேறு துறைக்குத் திருப்பிவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டே போனார்.

அவனால் உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பீடியைப் பற்றவைத்தான். ஒரு இழுப்புகூட இழுக்காமல் மணலில் குத்தி அணைத்தான். நேற்றைய லோடுகள் எந்தெந்த ஊரில் இறங்கியிருக்கும் என்று நினைப்பு ஓடியது. அதை நிறுத்தத் தெரியவில்லை.

மெக்கானிக் அன்வர்தீன் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பத்து வருடப் பழக்கம். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. பக்கெட் தூக்கியது, இறங்கியது.

அணைத்தார்.

அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார்.



“எத்தன நாளைக்கு ரிப்பேரா இருக்கணும்?”



அவன் கரைக்குப் போய், தாழ்வாக இருந்த ஒரு பொந்துக்குள் கையை விட்டான். முழங்கை போனது. தோள் இடித்தது. கன்னம் மணலில் அழுந்தியது. விரல் நுனியில் ஏதோ அசைந்தது. சூடாக. மெல்லத் தடவிப் பார்த்தான்.

வெறும் தோல்.

ஒரு குஞ்சு அவன் விரலைக் கவ்வியது. இரை என்று நினைத்திருக்கும்.

“றெக்கையே மொளைக்கல பாய். இருவது நாளாவது ஆவும்.”

அன்வர்தீன் தலையை ஆட்டினார். இருபது நாள் என்று சொன்னால் விடியும்முன் வேறு வண்டியை இறக்கிவிடுவார்கள் என்றார். தினமும் ‘இன்னும் ஒரு நாள்’ என்று தள்ளிக்கொண்டே போனால்தான் பொறுப்பார்கள். பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் பம்பைக் கழற்றப் போனார்.

அவன் கையை வெளியே எடுத்தான். செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. தனசீலன்.

போனைக் காதில் வைத்தான்.

“நாளைக்கு ஓடிரும் சார்.”