பிறந்த இடமும் சொந்த ஊரும்

நான்காவது முறையாகக் கொத்தனாரின் விண்ணப்பம் திரும்பி வந்தது. நாளைக்குள் இருப்பிடச் சான்று தராவிட்டால் மகளுக்குப் பள்ளியில் இடமில்லை. அவர் மறுபடியும் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவின் மேஜை முன் போய் நின்றார்.

"நேட்டிவ் பிளேஸ் கேட்டா இந்த ஊரை எழுதியிருக்கே. அது பர்த் பிளேஸ்யா. நேட்டிவ்னா உங்க அப்பன் பாட்டன் ஊரு," என்றார் குமாஸ்தா.

"அவங்க வேலை கிடைச்ச ஊர்லயெல்லாம் இருந்தாங்க சார். எனக்குத் தெரிஞ்சது பிறந்த இடம் மட்டுந்தான்."

"அதுக்கும் அத்தாட்சி இல்லையே. எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க, இந்தக் கட்டடந்தான்."

"இது ஆபீஸ்யா, பிரசவ வார்டு இல்ல."

"அப்ப ஆபீசும் இல்லீங்க. சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. செங்கல் சுமந்துட்டிருந்த எங்கம்மாவுக்கு வலி எடுத்துடுச்சு. நீங்க உக்காந்திருக்கிற மூலையிலதான் பெத்தாங்க."

குமாஸ்தா சட்டென்று எழுந்துவிட்டார்.

"நான் மாத்தலாகி வந்தே மூணு மாசந்தான்," என்று முனகிக்கொண்டே முத்திரையைத் தேடினார்.