படத்தில் இருந்த தம்பதி

மட்டாஞ்சேரியில் அறுபதுகளின் பாணியில் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருந்த அந்த வீட்டுக்குச் சிக்கந்தர் தனியாகத்தான் வந்திருந்தார். வழிகாட்டிப் பெண் அம்பிளி மஞ்சள் சுவர், பச்சை சோபா, வால்வு ரேடியோ என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, படுக்கையறையில் ஒரு கல்யாணப் போட்டோவின் முன் நின்றாள்.

“இவங்கதான் சார் இந்த வீட்டுல குடும்பமா தாமசிச்சது. சாயங்காலமானா ரெண்டு பேரும் பால்கனியில உக்காந்து சாயா குடிப்பாங்க.”

“சண்டை போடுவாங்களா மோளே?”

“பின்னே! அந்தம்மா ரெண்டு நாளைக்கு மிண்டவே மாட்டாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இவருதான் கெஞ்சுவாரு.”

“பிள்ளைங்க?”

“மூணு பேரு. எல்லாம் வெளிநாட்டுல. எண்பது வயசு வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்க.”

சிக்கந்தர் வாசலுக்குப் போய் இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“இப்பத்தானே சார் பாத்தீங்க?”

“இன்னொரு தடவை சொல்லு மோளே.”

வேறொரு தெருவில் இருந்த தன் வீட்டைக் காலி செய்தபோது அந்தப் போட்டோவைச் சட்டத்தோடு பழைய சாமான் கடையில் போட்டவர் அவர்தான். கல்யாணத்தன்று அந்தப் படத்தை எடுத்த நாலாம் மாதமே அவர் மனைவி ஜைத்தூன் காய்ச்சலில் போய்விட்டாள். அவளோடு எண்பது வயதுவரை வாழ்ந்த கதையை அவர் இன்றைக்குத்தான் கேட்கிறார்.