எட்டு நொடி

பூவிழியின் புது ட்ரோன் முதல் நாள் பறந்த களைப்பில் பெட்டிக்குள் கிடந்தது. மறுநாள் காலை மெமரி கார்டு கணினியிலிருந்து திரும்பி வந்ததும் ட்ரோன் அதனிடம் ஆசையாகக் கேட்டது.

"நான் அடிச்ச குட்டிக்கரணமெல்லாம் பார்த்தாளா?"

"பார்த்தா. தலை சுத்துதுன்னு வெட்டிட்டா. இருபது நிமிஷத்துல மிஞ்சினது எட்டே நொடி."

"மேகத்தைத் தொடப் போனேனே, அதுவா?"

"இல்ல. சார்ஜ் தீர்ந்துபோய் உப்பளத்து மேல மெதுவா இறங்கினியே, அது. உப்பு வாரிக்கிட்டிருந்த அவ அப்பா அண்ணாந்து பார்த்துச் சிரிச்சார்."

"அதுல என்ன இருக்கு?"

"அவர் சிரிக்கிற படம் அந்த வீட்டுல வேற இல்ல."



அன்று சாயங்காலம், சார்ஜ் முழுசாக இருந்தும், ட்ரோன் உப்பளத்தின் மேல் மெதுவாக இறங்கியது. கீழே அப்பா கையைத் துடைத்துவிட்டு, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார்.